வரைந்த படமும் பின்கொடுத்த பொருளும்



சனிக்கிழமைகளில் கிள்ளானில் சில மாணவர்களுக்குக் கணினி நிரலாக்கம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்று, இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் படிப்பவர்கள். 2017 முதல் படிப்படியாக அறிமுகமான இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டத்தில் ‘அசாஸ் சைன்ஸ் கொம்புத்தர்’ என்னும் பாடம் உண்டு. அதில் பைத்தான் மொழியும் இடம்பெற்றிருப்பதால், பிள்ளைகள் அதனைப் பற்றிய ஐயங்களோடு வருகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை அவர்களோடு சேர்ந்து தேடுகிறேன்.

அண்மையில் ஒரு மாணவி, புகைமூட்டக் காலத்துக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு அளவுகளைக் குறிவரைவாக வரைந்துகொண்டு வந்தாள். ஒரு செப்டம்பர் மாதம், முப்பது நாள்கள், நாளுக்கு ஓர் எண். கோடு அழகாகவே வந்திருந்தது. ஆனால் அதற்குச் சிவப்பு நிறம் தீட்ட முயன்றபொழுது கணினி மறுத்துவிட்டது.

“சார், கோடு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ‘பட்டியலுக்கு நிறம் அமைக்க இயலாது’ என்று பிழைச்செய்தி வருகிறது. நான் பட்டியல் எதையும் வரையவில்லையே!” என்றாள்.

நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லப் புகுந்தால் 1950களின் அமெரிக்கா, 1980களின் ஆம்ஸ்டர்டாம், 2000களின் சிக்காகோ என்று பல ஊர்களைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. அந்தப் பயணத்தையே இங்கு எழுதுகிறேன். நிரலாக்கம் அறியாத பெற்றோரும் பின்தொடர முடியும் என்பது என் நம்பிக்கை.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். நிரலில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்கென்று பெயரிட்டு வைத்திருக்கும் பகுதியைச் ‘செயற்கூறு’ என்கிறோம். பெயர் சொல்லி அழைத்தால் அது வேலையைச் செய்யும். வேலை முடிந்ததும் அழைத்தவரிடம் ஏதேனும் ஒன்றைக் கொண்டுவந்து ஒப்படைக்கும். அந்த ஒப்படைப்புக்குத் தமிழில் அருமையான ஒரு சொல் இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009இல் கட்டுரை வழி அறிமுகப்படுத்திய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியில், இதற்கான கட்டளைச் சொல் ‘பின்கொடு’ என்பதாகும். எழிலின் இயக்கியே பைத்தானில் எழுதப்பட்டது என்பது கூடுதல் செய்தி. ‘திருப்பித் தரும் மதிப்பு’ என்று நீட்டி முழக்குவதைக் காட்டிலும் ‘பின்கொடுத்தது’ என்று சொல்வது எனக்கு எளிதாக இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்கிறேன்.

செய்வது வேறு, பின்கொடுப்பது வேறு. ஆசிரியர்களுக்குப் புரியும் எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். பள்ளியிலிருந்து ஒருவரை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தோடு அனுப்புகிறோம். அவர் கடிதத்தைச் சேர்ப்பித்துவிடுகிறார். அது செயல். முத்திரை குத்திய படி ஒன்றைக் கையில் வாங்கிவந்து நம்மிடம் தருகிறாரே, அதுதான் பின்கொடுத்தது. கடிதம் சேர்ந்துவிட்டது என்பதற்காகப் படியும் கையில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. படியை வாங்கி வரச் சொல்லாமல் அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தேடிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு!

இந்த வேறுபாட்டை முற்கால நிரல்மொழிகள் மிகக் கண்டிப்பாகவே காத்தன. 1958இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் 2 மொழியில் ‘சப்ரூட்டீன்’ என்றும் ‘ஃபங்ஷன்’ என்றும் இருவகைகள் இருந்தன. முன்னது வேலையை மட்டும் செய்யும். பின்னது ஒரு மதிப்பைப் பின்கொடுக்கும். 1970இல் நிக்லாஸ் விர்த் வடிவமைத்த பாஸ்கல் மொழியிலும் ‘புரொசீஜர்’, ‘ஃபங்ஷன்’ என்று இரண்டு தனித்தனிச் சொற்கள். எதை எழுதப் போகிறோம் என்பதை நிரலர் முதல் வரியிலேயே அறிவித்துவிட வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் சிடபிள்யுஐ என்னும் கணித, கணினி ஆய்வு நிலையத்தில் ‘ஏபிசி’ என்றொரு கற்பித்தல் மொழி உருவானது. அதில் வெறும் செயலுக்கு ‘ஹவ் டூ’ என்றும், மதிப்பைப் பின்கொடுப்பதற்கு ‘ஹவ் டூ ரிட்டர்ன்’ என்றும் தலைப்பிட வேண்டும். ‘எப்படிச் செய்வது’, ‘எப்படிச் செய்து திருப்பித் தருவது’ என்று பெயர்த்துக்கொள்ளலாம். படிக்கும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக ஒரு மொழி சொல்லிவிட முடியாது.

அந்த ஏபிசி குழுவில் பணியாற்றியவர்தாம் குவிடோ வான் ரோசம். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் பைத்தானை எழுதத் தொடங்கி, 1991 பிப்ரவரியில் பொதுவெளியில் விட்டார். ஏபிசியிடமிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டார். உள்தள்ளி எழுதும் முறை அவற்றுள் ஒன்று. ஆனால் அந்த இரண்டு தலைப்புகளையும் எடுத்துக்கொள்ளவில்லை. பைத்தானில் எல்லாவற்றுக்கும் ‘டெஃப்’ என்ற ஒரே சொல்தான். எல்லாச் செயற்கூறுகளும் ஏதோ ஒன்றைப் பின்கொடுத்தே தீரும். நாம் எதையும் பின்கொடுக்கச் சொல்லவில்லை என்றால், அது ‘நன்’ என்னும் வெறுமையைப் பின்கொடுக்கும்.

எழுதுவதற்கு இது எளிது. கற்பவருக்கோ இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மாணவன் ஒருவன் குறிவரைவு வரையும் செயற்கூறு ஒன்றைத் தானே எழுதுகிறான். படம் திரையில் வருகிறது. அதனால் செயற்கூறு சரி என்று நினைத்துவிடுகிறான். அடுத்த வரியில், அது பின்கொடுத்ததை ஒரு பெயரில் வைத்து, அதற்குத் தலைப்பு எழுத முற்படுகிறான். ‘நன்டைப் என்னும் பொருளுக்கு அப்படியொரு பண்பு இல்லை’ என்று செய்தி வருகிறது. பாஸ்கலாக இருந்திருந்தால் நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே தவறு பிடிபட்டிருக்கும். பைத்தானில் ஓடிப் பார்த்த பின்புதான் தெரியும். என் வகுப்பில் மிக அதிகமாகக் கண்ட பிழை இதுதான். தீர்வு ஒரே வரி: செயற்கூற்றின் கடைசியில் ‘ரிட்டர்ன்’ என்று எழுதி, வரைதளத்தைப் பின்கொடுக்க வேண்டும்.

சரி, அந்த மாணவியின் பட்டியலுக்கு வருவோம். அதற்குக் குறிவரைவின் வரலாற்றையும் சற்றுத் தொட வேண்டும்.

காலத்துக்கேற்ப மாறும் எண்களைக் கோடாக வரைந்து காட்டும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1786இல் அவர் வெளியிட்ட வணிக, அரசியல் நிலப்படத் தொகுப்பில் பல நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிகள் கோடுகளாக வரையப்பட்டிருந்தன. ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஓராண்டுக் கணக்குதான் கிடைத்தது. கோடு இழுக்க வழியில்லாமல் பட்டைகளாக வரைந்தார். நாம் மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் கற்பிக்கும் பட்டைக் குறிவரைவு இப்படிப் பற்றாக்குறையில் பிறந்ததுதான். வட்டக் குறிவரைவை 1801இல் அவரே வெளியிட்டார்.

பிளேஃபேரின் படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு, கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. செதுக்கியது செதுக்கியதுதான். கோட்டின் தடிமன் பிடிக்கவில்லை என்றால் தகட்டைத் திருத்தித்தான் ஆக வேண்டும். கணினித் திரையில் அப்படி இல்லை. வரைந்து முடித்த கோட்டைப் பிறகும் பிடித்து இழுக்கலாம், நிறம் மாற்றலாம், நீக்கலாம். அதற்கு அக்கோட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியைத்தான் வரையும் செயற்கூறு பின்கொடுக்கிறது.

1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிளீவ் மோலர், தம் மாணவர்களுக்காக மேட்லேப் என்னும் கணக்கீட்டு மென்பொருளை எழுதினார். 1984இல் அது வணிகப் பொருளாயிற்று. பின்னாளில் அதன் வரைபடப் பகுதி வளர்ந்தபொழுது, ‘பிளாட்’ என்ற கட்டளை தான் வரைந்த கோடுகளுக்கான கைப்பிடிகளை ஒரு வரிசையாகப் பின்கொடுக்கலாயிற்று. ஏன் வரிசை? ஒரே கட்டளையில் பத்துக் கோடுகளை வரையச் சொல்லலாம் அல்லவா? அப்பொழுது பத்துக் கைப்பிடிகள் வேண்டுமே.

இனிச் சிக்காகோ. ஜான் டி. ஹண்டர் நரம்பியல் ஆய்வாளர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வலிப்பு நோயாளிகளின் மூளையில் பதிவாகும் மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மூளையின் மேற்பரப்பில் மின்முனைகளை வைத்து எடுக்கும் பதிவுகள் அவை. அறுவை மருத்துவம் செய்ய வேண்டிய நோயாளிக்கு, வலிப்பு எவ்விடத்தில் தொடங்குகிறது என்று கண்டறிய இத்தகைய பதிவுகளே துணை. அவருடைய ஆய்வகத்தில் இவற்றைப் பார்ப்பதற்கு விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. உரிமமோ ஒன்றே ஒன்று. கணினியில் செருகும் ஒரு சிறு வன்பொருள் சாவி இருந்தால்தான் அது இயங்கும். ஆய்வு மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் ஆய்வாளர்களும் அந்த ஒரு சாவியை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே ஒரு படமெறிகருவியை முன்பதிவு செய்து பயன்படுத்திய பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

ஹண்டர் முதலில் அந்த மென்பொருளுக்கு மாற்றாக ஒன்றை மேட்லேப்பில் எழுதினார். மருத்துவ ஆய்வுலகில் பலரும் அறிந்திருந்தது அதுதான். ஆனால் வேலை பெரிதாகப் பெரிதாக அது ஈடுகொடுக்கவில்லை. ஆகவே பைத்தானுக்கு மாறினார். பைத்தானில் அப்பொழுது மேட்லேப்பைப் போல் வரைவதற்கு நல்ல வசதி இல்லை. 2002இல், ஐபைத்தான் என்னும் கருவிக்கு அத்தகைய வசதியைச் சேர்க்கும் ஒட்டு ஒன்றை எழுதி, அதன் படைப்பாளரான ஃபெர்னாண்டோ பெரெசுக்கு அனுப்பினார். பெரெசோ முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் இருந்தார். சில மாதங்களுக்கு இதைப் பார்க்க நேரமில்லை என்று மறுமொழி அனுப்பினார். ஹண்டர் காத்திருக்கவில்லை. தாமே தனி மென்பொருளாக வளர்த்தார். 2003இல் ‘மேட்பிளாட்லிப்’ வெளிவந்தது. ஆய்வேடு சற்று முன்பே முடிந்திருந்தால் இன்று அந்தப் பெயரே இல்லாமல் போயிருக்கலாம் என்று நான் சில வேளை நினைத்துக்கொள்வதுண்டு.

மேட்லேப்பைப் பழகியவர்கள் தடுமாறாமல் வந்து சேர வேண்டும் என்பது ஹண்டரின் எண்ணம். எனவே கட்டளைப் பெயர்களையும் பழக்கங்களையும் ஏறத்தாழ அப்படியே வைத்தார். ‘பிளாட்’ என்பதும் வந்தது. அது கோடுகளை வரிசையாகப் பின்கொடுக்கும் வழக்கமும் கூடவே வந்தது. ஒரு கோடு வரைந்தாலும் சரி, பத்து வரைந்தாலும் சரி, பின்கொடுப்பது பட்டியலையே. ஒரு கோடு வரைந்தால் ஓர் உறுப்புள்ள பட்டியல்.

இப்பொழுது மாணவியின் பிழைச்செய்தி விளங்கும். அவள் ‘கோடு’ என்று பெயர் வைத்தது கோட்டுக்கு அன்று, கோட்டை உள்ளே வைத்திருந்த பெட்டிக்கு. பெட்டிக்குச் சிவப்புச் சாயம் பூசச் சொன்னாள். கணினி மறுத்தது. அவள் அறியாமல் நடந்தது இவ்வளவுதான். பெட்டியைத் திறக்கப் பைத்தானில் இரண்டு வழிகள் உண்டு. பட்டியலின் முதல் உறுப்பை எடு என்று சதுர அடைப்புக்குள் சுழியம் இட்டுச் சொல்லலாம். அல்லது பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி இடலாம்: ‘கோடு, = பிளாட்(...)’. அந்தக் காற்புள்ளியைத் தட்டச்சுப் பிழை என்று கருதி அழித்துவிட்ட ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். (கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.)

இடையில் ஒரு மகிழ்ச்சியான செய்தி. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 முதல் இது இயலும். ‘கோடு’, ‘நாள்கள்’, ‘அளவு’ என்று எழுதினால் கணினி முகம் சுளிக்காது. பெயர் தமிழில் இருந்தால் பிள்ளைகள், ‘இந்தப் பெயருக்குள் உண்மையில் இருப்பது என்ன?’ என்று கேட்கத் தயங்குவதில்லை என்பதை வகுப்பில் கண்டிருக்கிறேன்.

எல்லாச் செயற்கூறுகளும் பட்டியலைத்தான் பின்கொடுக்கும் என்று மனனம் செய்துவிடலாமா? கூடாது. சிக்கலே இங்குதான். புள்ளிகளை மட்டும் இடும் ‘ஸ்கேட்டர்’, எல்லாப் புள்ளிகளையும் ஒரே தொகுதியாகக் கட்டி ஒற்றைப் பொருளாகப் பின்கொடுக்கிறது. அதற்குக் காற்புள்ளி இட்டால், ‘பிரித்தெடுக்க இயலாத பொருள்’ என்று வேறொரு பிழைச்செய்தி வரும். நேற்று காற்புள்ளி இடு என்று சொன்ன ஆசிரியரே இன்று எடு என்கிறார். பிள்ளை யாரை நம்பும்? ‘பார்’ பட்டைகளை ஒரு கொள்கலனில் வைத்துத் தருகிறது. ‘பாக்ஸ்பிளாட்’ ஓர் அகராதியைப் பின்கொடுக்கிறது. ‘பை’ என்னும் வட்டக் குறிவரைவுக் கட்டளையோ நெடுங்காலமாக ஒரு விந்தையான வழக்கத்தைக் கொண்டிருந்தது. விழுக்காட்டை எழுதச் சொன்னால் மூன்று பொருள்கள், சொல்லாவிட்டால் இரண்டு. விழுக்காடு வேண்டாம் என்று ஒரு சொல்லை நீக்கிய மாணவனின் நிரல், அதற்குத் தொடர்பே இல்லாததைப் போன்ற வேறிடத்தில், ‘மூன்று எதிர்பார்த்தேன், இரண்டே கிடைத்தன’ என்று நின்றுவிடும்.

2010இல் வந்த 1.0 பதிப்பில் ‘சப்பிளாட்ஸ்’ சேர்ந்தது. அதை அளித்தவர் முன்பு நேரமில்லை என்று சொன்ன அதே ஃபெர்னாண்டோ பெரெஸ். ஒரு வரைதளம் கேட்டால் அதையே பின்கொடுக்கும். இரண்டு கேட்டால் அணியாகப் பின்கொடுக்கும். இரண்டுக்கு இரண்டு என்று கேட்டால் நிரையும் நிரலுமாக அமைந்த அணி. ஒன்றுக்காக எழுதிய நிரலை இரண்டுக்கு நீட்டும்பொழுது, ‘அணிக்கு வரையத் தெரியாது’ என்று கணினி சொல்வது இதனால்தான். இவையெல்லாம் ஒரே நாளில் ஒரே ஆள் தீட்டிய திட்டம் அன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் தத்தம் தேவைக்குச் சேர்த்தவை. நம் எழுத்துமுறையிலும் சில உயிர்மெய்கள் ஒழுங்கோடும் சில ஒழுங்கின்றியும் இருக்கின்றனவே. ‘கு’வுக்கும் ‘சு’வுக்கும் ‘து’வுக்கும் உகரக் குறி வேறுவேறாக இருப்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று.

இதுவரை சொன்ன பிழைகள் எல்லாம் நல்ல பிழைகள். கணினியே சத்தம் போட்டுக் காட்டிவிடும். சத்தம் போடாத பிழை ஒன்றை அதே மாணவியிடம் கண்டேன். அதுதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது.

கோட்டுக்குச் சிவப்பு நிறம் வந்த பின், காற்றின் நிலை எத்தனை நாள்கள் நன்று, எத்தனை நாள்கள் மிதம், எத்தனை நாள்கள் உடல்நலத்துக்குக் கேடு என்று எண்ண விரும்பினாள். நம் நாட்டுக் குறியீட்டில் 50 வரை நன்று. 51 முதல் 100 வரை மிதம். 101 முதல் 200 வரை உடல்நலத்துக்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகக் கேடு. 300ஐத் தாண்டினால் பேரிடர். இதற்கு ‘ஹிஸ்ட்’ என்னும் கட்டளையைப் பயன்படுத்தி, 0, 50, 100, 200, 300 என்று எல்லைகளைக் கொடுத்தாள்.

‘ஹிஸ்ட்’ மூன்று பொருள்களைப் பின்கொடுக்கும். முதலாவது, ஒவ்வொரு பிரிவிலும் விழுந்தவற்றின் எண்ணிக்கை. இரண்டாவது, பிரிவுகளின் எல்லைகள். மூன்றாவது, வரையப்பட்ட பட்டைகள். வேலிக் கம்பங்களுக்கு இடையே நான்கு இடைவெளிகள் வேண்டுமானால் ஐந்து கம்பங்கள் நட வேண்டும் அல்லவா? அதுபோல் நான்கு எண்ணிக்கைகளும் ஐந்து எல்லைகளும் வரும். மாணவி வரிசையை மாற்றி நினைத்துக்கொண்டாள். எல்லைகள் முதலில், எண்ணிக்கை அடுத்து என்று பெயர்களை எழுதிவிட்டாள். கணினிக்கு இதில் குறையொன்றும் இல்லை. மூன்று பொருள்களுக்கு மூன்று பெயர்கள், கணக்குச் சரி.

அறிக்கையில் வந்தது என்ன தெரியுமா? காற்று நன்றாக இருந்த நாள்கள்: 0. மிதமான நாள்கள்: 50. கேடான நாள்கள்: 100.

முதல் எண்ணை நான் பார்த்தேன். புகைமூட்டக் காலமாயிற்றே, நல்ல காற்று ஒரு நாளும் இல்லை போலும் என்று நம்பிவிட்டேன். உண்மையில் அந்த 0, எல்லைகளின் முதல் எண். நாள்களோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. தவறைக் கண்டுபிடித்தவர், மகளை அழைத்துச் செல்ல வந்து வாசலில் நின்றிருந்த தாயார். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, செப்டம்பர்ல முப்பது நாள்தானே? அம்பது எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். அவருக்குப் பைத்தான் தெரியாது. மாதத்துக்கு எத்தனை நாள் என்பது தெரியும்.

அந்தத் தாயார் இரண்டாம் வரியைப் பார்க்காமல் முதல் வரியோடு நின்றிருந்தால்? ‘கிள்ளானில் ஒரு மாதம் முழுதும் நல்ல காற்று ஒரு நாளும் இல்லை’ என்பது பள்ளிக் கண்காட்சியின் சுவரில் ஏறியிருக்கும். படம் சரியாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டைகளின் உயரம் சரி. பின்கொடுத்ததைக் கையில் வாங்கிய விதம் மட்டுமே தவறு.

வரிசையைத் திருத்திய பின்பும் ஒரு சிறு குறை எஞ்சியிருந்தது. ‘ஹிஸ்ட்’ ஒவ்வொரு பிரிவிலும் தொடக்க எல்லையைச் சேர்த்துக்கொண்டு முடிவெல்லையை விட்டுவிடும். கடைசிப் பிரிவு மட்டும் விலக்கு. ஆகவே குறியீடு சரியாக 50 காட்டிய நாள், ‘நன்று’ என்பதில் சேராமல் ‘மிதம்’ என்பதில் சேர்ந்துவிடும். எல்லைகளை 0, 51, 101, 201, 301 என்று மாற்றினோம். பிறகு எண்ணிக்கைகளைக் கூட்டினோம். 30 வந்தது. கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பது நாம் இரண்டாம் வகுப்பிலேயே கற்பிப்பதுதானே.

கிள்ளான்வாசிகளுக்கு இந்த எண்கள் வெறும் பயிற்சிக் கணக்கு அல்ல. 1997இல் தென்கிழக்காசியாவைப் புகை மூடியது. சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் நம் நாட்டில் காற்றுத் தூய்மைக்கேட்டு அளவுகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. சுற்றுலாப் பயணிகள் அஞ்சிவிடுவர் என்பது சொல்லப்பட்ட காரணம். புகை கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்குத் தெரிந்தது. அளந்த எண் மட்டும் அளந்தவர்களிடமே இருந்தது. 2005 ஆகஸ்டில் மீண்டும் கடும் புகை. அம்மாதம் அளவுகளை மறுபடி வெளியிட முடிவு செய்தார்கள். ஆகஸ்டு 11ஆம் நாள், குறியீடு 500ஐத் தாண்டியதால், கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் கிள்ளானின் ஜொகான் செத்தியாவில் அளவு 200ஐத் தாண்டியதும், பள்ளிகள் மூடப்பட்டதும் பெற்றோருக்கு நினைவிருக்கும். இன்று அவ்வளவுகளை எவரும் இணையத்தில் பார்க்கலாம். ஒரு மாணவியால் அவற்றை நாள்தோறும் குறித்துவைத்துக் குறிவரைவு வரைய முடிவது அதனால்தான்.

ஆசிரியர்களுக்கு என் பட்டறிவில் ஒரு பரிந்துரை. பிள்ளையின் குறிவரைவு நிரலில் சிக்கல் வந்தால், படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பின்கொடுத்தது என்ன என்று அச்சிட்டுப் பாருங்கள். ‘டைப்’ என்னும் கட்டளை அதன் வகையைச் சொல்லும். ‘லென்’ என்பது எத்தனை உறுப்புகள் என்று சொல்லும். ஜூப்பிட்டர் ஏட்டில் கடைசி வரி பின்கொடுத்தது படத்துக்கு மேலே தானாகவே தோன்றும். சதுர அடைப்புக்குள் ‘லைன்2டி’ என்று ஏதோ ஒரு நீண்ட வரி வருகிறதே, குப்பை என்று பலர் வெறுக்கிறார்களே, அதுதான் விடை. அந்தச் சதுர அடைப்பே பட்டியலின் அடையாளம். வரி வேண்டாம் என்றால் முடிவில் அரைப்புள்ளி இட்டு மறைக்கலாம். ஆனால் கற்கும் பிள்ளைக்கு அதை மறைக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள். பாண்டாஸ், சீபார்ன் முதலிய மென்பொருள்களைப் பயன்படுத்தினால் மேலும் எச்சரிக்கை தேவை. பாண்டாஸ் பொதுவாக வரைதளத்தைப் பின்கொடுக்கும். சீபார்னில் சில கட்டளைகள் வரைதளத்தையும் சில முழுப் படக்கட்டத்தையும் பின்கொடுக்கும்.

மேட்பிளாட்லிப் 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபொழுது நாசாவில் பயன்பட்டது. 2019இல் வெளியான எம்87 கருந்துளைப் படத்தின் ஆய்விலும் பயன்பட்டது. அந்த இரண்டாவதைக் காண ஹண்டர் இல்லை. 2012 ஜூலையில் ஆஸ்டின் நகரில் நடந்த சைபை மாநாட்டில் அவர் சிறப்புரை ஆற்றினார். அதன் பிறகு அவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஆகஸ்டு 28ஆம் நாள், மருத்துவத்தின்போது ஏற்பட்ட சிக்கல்களால், 44ஆம் வயதில் மறைந்தார். மூன்று பெண் மக்களை விட்டுச் சென்றார். அவர்களுடைய கல்விக்காக நிரலர் சமூகம் நிதி திரட்டியது. அவர் எழுதிய மென்பொருளுக்கு வன்பொருள் சாவி எதுவும் தேவையில்லை. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒரு மாணவன் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

மாணவி இப்பொழுது நாள்தோறும் கோடு வளர்வதைப் போன்ற அசைபடம் ஒன்று செய்துகொண்டிருக்கிறாள். 2011இல் 1.1 பதிப்பில் சேர்ந்த வசதி அது. அங்கேயும் பழைய கதைதான். மாறும் பகுதியை மட்டும் விரைந்து வரையச் சொன்னால், ஒவ்வொரு சட்டத்தையும் வரையும் செயற்கூறு, தான் மாற்றிய பொருள்களை வரிசையாகப் பின்கொடுக்க வேண்டும். ஒரே கோடுதான் என்றாலும் ‘ரிட்டர்ன் கோடு,’ என்று காற்புள்ளியோடு முடிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அசைபடக் கட்டளை பின்கொடுத்ததை ஒரு பெயரில் பிடித்து வைக்காவிட்டால், பைத்தான் அதை வேண்டாத பொருள் என்று கருதி நினைவகத்திலிருந்து அகற்றிவிடும். படம் அசையாமல் நின்றுபோகும். சென்ற வாரம் அவளுடையது அப்படித்தான் நின்றுபோயிற்று. நான் சொல்வதற்கு முன்பே, “சார், பின்கொடுத்ததை நான் வாங்கவே இல்லை” என்று சொல்லிவிட்டு, வரியின் தொடக்கத்தில் ஒரு பெயரை எழுதச் சென்றாள்.